உள்ளே எத்தனை பேர்?

ஜூன் 4

கோர்ட்டம்மாவுக்கு,

"போன் பண்ணாதீங்க. போன்ல வர்றது உங்க குரல் இல்லை, கம்பெனி குரல். ஏதாவது சொல்லணும்னா எழுதுங்க" என்று ஸ்டேஷனில் தீர்ப்புச் சொல்லிவிட்டு நீ ரயிலேறி ஐந்து வாரம் ஆகிறது. அதில் நாலு வாரம் என் வீம்பிலேயே போய்விட்டது. இன்று எழுதலாம் என்று உட்கார்ந்தால் வீட்டில் ஒரு பேனாகூட இல்லை. உன்னுடைய சுருக்கெழுத்துப் பேனாக்கள் எல்லாம் உன்னோடேயே போய்விட்டன. இது கீழ்வீட்டுத் தையற்காரரிடம் இரவல் வாங்கியது. மை கக்குகிறது, பொறுத்துக்கொள்.

வீடு நன்றாக இருக்கிறது. நம் வாயாடி பல் தேய்க்க ஏறி நிற்கிற முக்காலி இன்னும் வாஷ்பேசின் அடியிலேயே கிடக்கிறது. தினமும் காலையில் அதில் இடித்துக்கொள்கிறேன். எடுத்து ஓரமாக வைக்க ஒரு நிமிடம் போதும். வைக்கவில்லை.

வேலை எப்போதும்போலத்தான். நேற்று ஒரு பல் டாக்டரும் அவருடைய நோயாளியும் லிஃப்டில் மாட்டிக்கொண்டார்கள். சிவப்புப் பொத்தானை அழுத்தி எங்கள் அறைக்கு லைன் கிடைத்ததும் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பேசுகிறார்கள். நோயாளிக்கு மரத்துப்போக ஊசி போட்டிருந்ததால் அவர் சொன்னதில் ஒரு எழுத்தும் விளங்கவில்லை. மெக்கானிக் போய்ச் சேர நாற்பது நிமிடம் ஆனது. கதவு திறக்கிறவரை பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருப்பதுதானே பதினேழு வருடமாக என் பிழைப்பு. கடைசியில் டாக்டர் எனக்கு இலவசமாகப் பல் பார்க்கிறேன் என்றார்.

ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு வாயாடி நீ குடியிருக்கிற வீட்டுக்காரம்மா போனிலிருந்து வீட்டு போனுக்குக் கூப்பிடுகிறாள். ஒன்பது மணிக்கே போன் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிடுகிறேன். புதுப் பள்ளிக்கூடத்தில் யாருக்கெல்லாம் பல் விழுந்திருக்கிறது என்று முழுப் பட்டியல் கொடுத்தாள். அவள் பேசும்போது பின்னால் ஒரு கதவு சாத்துகிற சத்தம் கேட்கிறது. நீ வெளியே போகிற சத்தம் என்று நினைக்கிறேன்.

உன் துணி அலமாரியை லாரியில் அனுப்பட்டுமா? அங்கே கஷ்டமாக இருக்குமே.

லிஃப்ட்காரன்


ஜூன் 13

லிஃப்ட்காரருக்கு,

உங்கள் கடிதத்தில் பல் டாக்டர் இருக்கிறார், தையற்காரர் இருக்கிறார், முக்காலி இருக்கிறது. நான் ஏன் இங்கே இருக்கிறேன் என்பது மட்டும் எங்கேயும் இல்லை. உங்களுக்கு மறந்திருக்கும். எனக்கு மறக்காது, ஏனென்றால் என்னிடம் எழுத்திலேயே இருக்கிறது. ஆஸ்பத்திரியில் கொடுத்த மஞ்சள் அட்டையின் பின்பக்கம், என் சுருக்கெழுத்தில். விரித்து எழுதித் தருகிறேன், படியுங்கள்.

பிப்ரவரி 11, மதியம் 2.20. உங்கள் வேலை நம்பருக்குக் கூப்பிட்டேன்.

"வணக்கம், லிஃப்ட் அவசர உதவி. பயப்படாதீங்க, நீங்க பத்திரமா இருக்கீங்க. உள்ளே எத்தனை பேர் இருக்கீங்க?"

"நான்தாங்க. வாயாடியை ஸ்கூல்ல குளவி கொட்டிடுச்சு. மூஞ்சியெல்லாம் வீங்கி மூச்சு விட முடியலை. எமர்ஜென்சிக்குத் தூக்கிட்டு வந்திருக்கேன்."

"சரி. மூச்சை மெதுவா இழுத்து விடுங்க. சுவத்துல சாய்ஞ்சு நில்லுங்க. கதவைத் தொடாதீங்க. உதவி வந்துட்டே இருக்கு."

"என்னங்க, நான் உங்க பொண்டாட்டி பேசறேன்!"

"தெரியுது. லைன்லயே இருங்க. ஒரு நிமிஷம், இன்னொரு கால் வருது."

அதற்கப்புறம் ஒரு பாட்டு. பதினோரு நிமிடம் அந்தப் பாட்டைக் கேட்டேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நாலு பேர் நம் பெண்ணைச் சூழ்ந்து நிற்கிறார்கள். அவளுக்குக் கண் மூடிப்போய்விட்டது. உதடு தடித்து, அம்மா என்று கூப்பிட நாக்கு புரளவில்லை. நிமிடத்துக்கு நூறு வார்த்தை பேசுகிறவள். தொடையில் ஊசி போட்டார்கள். அது வேலை செய்யுமா செய்யாதா என்று தெரியாத அந்த நேரத்தில் என் காதில் பாட்டு.

நீங்கள் வந்தது இரவு ஏழு ஐம்பதுக்கு. அவள் வீக்கம் வடிந்து பிஸ்கட் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். "பாத்தியா, ஒண்ணும் ஆகலை. பதட்டப்படாம இருந்தா எல்லாம் சரியாயிடும்" என்றீர்கள். அந்த வார்த்தையை மட்டும் எழுதி வைக்கவில்லை. எழுதாமலே மனப்பாடம்.

எனக்கு நிதானம் சொல்ல அந்த ஆஸ்பத்திரியில் ஆட்கள் இருந்தார்கள். சுவரில்கூட எழுதி ஒட்டியிருந்தார்கள். எனக்கு வேண்டியிருந்தது கூடச் சேர்ந்து பயப்பட ஒரு ஆள். அதற்கு உலகத்தில் ஒரே ஒரு மனிதர்தான் உண்டு. அவர் டியூட்டியில் இருந்தார்.

அலமாரி வேண்டாம். அனுப்பினால் திருப்பி அனுப்புவேன்.

கோர்ட்டம்மா


ஜூன் 25

கோர்ட்டம்மாவுக்கு,

அட்டையில் இருந்ததைப் படித்தேன். ஒரு எழுத்துகூடத் தப்பில்லை. நான்தான் அப்படிப் பேசினேன்.

அன்றைக்கு என்ன நடந்தது என்று நீ கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. சாக்குச் சொல்கிற மாதிரி இருக்கும் என்று நினைத்தேன். இப்போதும் அப்படித்தான் இருக்கும். ஆனாலும் சொல்லிவிடுகிறேன்.

அன்று ஷிஃப்டில் இருக்க வேண்டியது இரண்டு பேர். இன்னொருவர் காய்ச்சலென்று வரவில்லை. உன்னைக் காத்திருக்கச் சொல்லிவிட்டு எடுத்த அழைப்பில் ஒரு ஆள், தனியாக, ஐந்தாவது மாடிக்கும் ஆறாவது மாடிக்கும் நடுவில். கதவைக் காலால் உதைக்கிற சத்தம் எனக்குக் கேட்கிறது. மூடிய இடத்தில் இருந்தால் அவருக்கு மூச்சு முட்டுமாம். யார் போனை எடுத்தார்களோ அவர்தான் கதவு திறக்கும்வரை பேச வேண்டும் என்பது எங்கள் விதி, உனக்குத் தெரியும். லிஃப்ட் கம்பி இறுகிப்போய் நாலரை மணி நேரத்துக்கு மேல் ஆனது. அந்த ஆளை வெளியே எடுத்து, எழுத வேண்டியதை எழுதிக் கொடுத்துவிட்டு ஓடி வந்தேன்.

நீ கேட்பாய், சூப்பர்வைசரிடம் சொல்லிவிட்டு எழுந்து வந்திருக்கலாமே என்று. வந்திருக்கலாம். அவர் வீடு பத்து நிமிட தூரம்தான். கூப்பிட்டிருந்தால் செருப்புகூடப் போடாமல் ஓடி வந்து உட்கார்ந்திருப்பார். எனக்கு அது தோன்றவே இல்லை.

இன்னொன்று. உனக்கு இதுவரை சொல்லாதது. வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது வருடம் ஒரு அழைப்பில் என் குரல் நடுங்கிவிட்டது. உள்ளே இருந்தவர் அதைக் கண்டுபிடித்துவிட்டார். "நீங்களே பயப்படறீங்க, அப்ப நிஜமாவே ஆபத்துதான்" என்று கதவை நெம்பித் திறந்து வெளியே குதிக்கப் பார்த்தார். கால் போய்விட்டது. அன்றிலிருந்து பயம் வந்தாலே எனக்குத் தானாக அந்தக் குரல் வந்துவிடுகிறது. பயம் எவ்வளவு பெரிதோ அவ்வளவு நிதானம். பிப்ரவரி 11-ஆம் தேதி மேஜைக்கு மேலே நான் பேசியது உனக்குத் தெரியும். மேஜைக்கு அடியில் என் இரண்டு காலும் நிற்காமல் ஆடிக்கொண்டிருந்தன. அதை யாரும் எழுதி வைக்கவில்லை.

நீ இல்லாமல் வீட்டில் பேச்சே இல்லை. வேலையில் இருக்கும்போதுதான் பேசுகிறேன், அதுவும் முகம் தெரியாதவர்களிடம். நேற்று ஒரு பெண்மணி கதவு திறந்த பிறகும் போனை வைக்காமல், "உங்க குரலைக் கேட்டா வீட்டுல யாரோ இருக்கற மாதிரி இருக்கு" என்றார். எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

நீ என்ன முடிவு எடுத்தாலும் எனக்குச் சம்மதம். உனக்கு எது நல்லதோ அதைச் செய்.

லிஃப்ட்காரன்


ஆகஸ்ட் 18

லிஃப்ட்காரருக்கு,

உங்கள் கடைசி இரண்டு வரி இல்லாவிட்டால் மறுநாளே பதில் போட்டிருப்பேன். கால் ஆடியது என்று படித்தபோது கோர்ட் வராந்தாவில் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அப்புறம் "என்ன முடிவு எடுத்தாலும் சம்மதம்." அதைப் படித்ததும் கடிதத்தை மடித்துப் பையில் போட்டவள்தான், ஏழு வாரம் ஆகிவிட்டது.

ஏப்ரலில் நான் பெட்டி கட்டியபோதும் இதைத்தான் செய்தீர்கள். எது எந்தப் பெட்டியில் இருக்கிறது என்று மேலே அழகாக எழுதி ஒட்டினீர்கள். கண்ணாடிச் சாமான்களைச் செய்தித்தாளில் சுற்றிக் கொடுத்தீர்கள். நான் ஒவ்வொரு பெட்டியாகக் கட்டிக்கொண்டே, இதோ இப்போது சொல்வார், இந்தப் பெட்டி முடிந்ததும் சொல்வார் என்று பார்த்தேன். பதினாலு பெட்டி. போகாதே என்று ஒரு வார்த்தை வரவில்லை.

இருக்கட்டும். இந்த முறை நான் எழுத வந்தது என் குற்றத்தை. போன வாரம் வாயாடி ஒரு பெரிய விஷயம் சொன்னாள். பள்ளிக்கூடத்தில் யாரோ விழுந்து ஆஸ்பத்திரிக்குப் போனார்களாம். ராத்திரி சாப்பிடும்போது கேட்டேன், "உனக்குப் போன தடவை ரொம்பப் பயமா இருந்துச்சா?" என்று. "ஊசிக்கப்புறம் உன்னை உள்ளே விட்டாங்களே, நான் கையை நீட்டினேன். நீ பிடிக்கலை. எழுதிட்டு இருந்தே" என்றாள். கோபமே இல்லை அவளுக்கு. சொல்லிவிட்டுச் சாப்பாட்டைத் தொடர்ந்தாள்.

உண்மைதான். நீங்கள் சொன்னதை மட்டுமா எழுதினேன்? அட்டையைத் திரும்ப எடுத்துப் பார்த்தேன். டாக்டர் சொன்னது, நர்ஸ் சொன்னது, பக்கத்துக் கட்டிலில் இருந்தவர் முனகியது, எல்லாம் இருக்கிறது. மூலை முடுக்கெல்லாம் எழுதித் தள்ளியிருக்கிறேன். கோர்ட்டில் எத்தனை பயங்கரத்தைக் கேட்டாலும் எழுதுகிற கையைப் பார்த்துக்கொண்டே இருந்தால் அழுகை வராது. இருபது வருடப் பழக்கம். அவள் கை நீட்டியது என் கண்ணில் படவே இல்லை. உங்களை மட்டும் கூண்டில் ஏற்றி வைத்திருந்தேன்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். இங்கே என் இடத்தை நிரந்தரமாக்குகிறார்கள். சம்மதம் என்று கையெழுத்துப் போட்டால் மூன்று வருடத்துக்கு மாற்றல் கேட்க முடியாது. போடாவிட்டால் செப்டம்பரில் பழைய கோர்ட்டுக்கே திருப்பி அனுப்பிவிடுவார்கள். ஆகஸ்ட் 31 திங்கட்கிழமை கடைசி நாள்.

எது நல்லதோ செய் என்று எழுதாதீர்கள். எது நல்லது என்று எனக்குத் தெரியும். உங்களுக்கு என்ன வேண்டும் என்றுதான் தெரியவில்லை. அதை மட்டும் எழுதுங்கள்.

இங்கே மாடியில் சாயங்காலம் காற்று நன்றாக வருகிறது. இரண்டு நாற்காலி இருக்கிறது. ஒன்றில் துணி கிடக்கிறது.

கோர்ட்டம்மா


ஆகஸ்ட் 29

என் கோர்ட்டம்மாவுக்கு,

முதலில் ஒன்று. நான் உயிரோடு இருக்கிறேன். அதைத் தெரிந்துகொண்டு மேலே படி.

உன் கடிதம் 21-ஆம் தேதி வந்தது. அன்று சாயங்காலமே பதில் எழுத உட்கார்ந்தேன். ஆறு நாளில் பத்துத் தாள் கிழித்தேன். உனக்கு என்ன வேண்டும் என்று யாரும் என்னைக் கேட்டதில்லை, நானும் என்னைக் கேட்டதில்லை. எழுதுகிறதெல்லாம் கம்பெனி கடிதம் மாதிரியே வந்தது.

27-ஆம் தேதி காலை பத்து மணிக்கு வேலையில் இருக்கும்போது இடது தோளில் வலி. தாடைவரைக்கும் ஏறியது. சட்டை நனைந்துவிட்டது. லைனில் இரண்டு கல்லூரிப் பெண்கள் இருந்தார்கள். கதவு திறக்கிறவரை பேசி முடித்துவிட்டுத்தான் எழுந்தேன். திட்டு, பரவாயில்லை. சூப்பர்வைசர் என் மூஞ்சியைப் பார்த்துவிட்டு வண்டி பிடித்து எமர்ஜென்சிக்குக் கூட்டிப் போனார். அதே ஆஸ்பத்திரிதான், அதே நீல நாற்காலிகள். என்னை இறக்கிவிட்டு, அறையில் ஆள் இல்லையே என்று ஓடினார்.

வாசலில் ஒரு நர்ஸ், யாரை முதலில் பார்க்க வேண்டும் என்று பிரித்து அனுப்புகிறவர்.

"என்ன செய்யுது?"

"ஒண்ணும் இல்லைங்க, தோள்ல லேசா பிடிப்பு. அவசரம் இல்லை. மத்தவங்களைப் பாருங்க."

"நெஞ்சு வலிக்குதா?"

"அப்படியெல்லாம் இல்லை."

"வலி பத்துக்கு எத்தனை இருக்கும்?"

எட்டு இருந்தது. என் வாய் "மூணு" என்று சொன்னது. எதற்குச் சொன்னேன்? அந்த நர்ஸ் பயந்துவிடக் கூடாதே என்று! கேட்டாயா இந்தக் கூத்தை. அவர் என்னைக் கடைசி வரிசைக்கு அனுப்பினார். அவர் மேல் தப்பே இல்லை. இவ்வளவு நிதானமாக, இவ்வளவு மரியாதையாகப் பேசுகிறவனுக்கு என்ன வந்துவிடும் என்று யாரும் நினைப்பார்கள்.

ஒரு மணி நாற்பது நிமிடம் உட்கார்ந்திருந்தேன். சும்மா உட்காரவில்லை. பக்கத்தில் விரலை நறுக்கிக்கொண்டு வந்த தச்சர் ஒருவர் மயக்கம் போடப் பார்த்தார். அவரை மூச்சை மெதுவாக இழுத்து விடச் சொன்னேன். எதிரே கணுக்கால் பிசகிய அம்மாள் ஒருவர் ஊரைக் கூட்டிக்கொண்டிருந்தார். அவருக்கும் ஆறுதல் சொன்னேன். நர்ஸ் வந்து, "உங்களை மாதிரி நாலு பேர் இருந்தா எங்க வேலை சுலபம்" என்றார். நான் சிரித்தேன். உள்ளே யாரோ நெஞ்சில் முழங்காலை ஊன்றி உட்கார்ந்த மாதிரி இருந்தது. தச்சர் உள்ளே போனார், கணுக்கால் உள்ளே போனது, எனக்குப் பின்னால் வந்தவர்களெல்லாம் உள்ளே போனார்கள்.

அந்த நாற்காலியில்தான் நீ உட்கார்ந்திருப்பாய். எனக்கு அது அப்போதுதான் உறைத்தது. அங்கே வருகிறவர்கள் எல்லோருக்கும் பக்கத்தில் யாராவது இருக்கிறார்கள். தச்சரின் தம்பி தலைகால் புரியாமல் அழுதுகொண்டிருந்தான். அவனால் ஒரு உபயோகமும் இல்லை. தச்சர் அவன் சட்டையை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தார்.

ஒரு கர்ப்பிணிக்கு நாற்காலி கொடுக்கலாமென்று எழுந்தேன். எழுந்தது நினைவிருக்கிறது. அப்புறம் தள்ளுவண்டியில் ஓடுகிறேன், மேலே விளக்குகள் ஓடுகின்றன, ஒரு டாக்டர் குனிந்து, "ஹார்ட் அட்டாக். ஏன் முன்னாடியே சொல்லலை? யாரைக் கூப்பிடணும்?" என்று கத்துகிறார். படிவத்தில் அந்த இடத்தை நான் காலியாக விட்டிருந்தேன்.

அப்போது கத்தினேன். உன் பெயரைச் சொல்லிக் கத்தினேன். வா, வா என்று. பதினேழு வருடமாக வராத சத்தம். வராந்தாவில் இருந்தவர்களெல்லாம் எழுந்து நின்றுவிட்டார்களாம். பயந்துபோய் ஒரு நர்ஸ் என் கையைப் பிடித்துக்கொண்டாராம். கதவு சாத்துகிறவரை கத்திக்கொண்டே போனேன் என்று பிறகு சொன்னார்கள். எனக்கு வெட்கமாகவே இல்லை.

அடைப்பை எடுத்துவிட்டார்கள். இப்போது வார்டில் இருக்கிறேன். சூப்பர்வைசர் உன் நம்பரைக் கொடுங்கள் என்று தலைகீழாக நின்றார். நான் கொடுக்கவில்லை. மூன்றாம் மனிதர் சொல்லி நீ இதைக் கேட்கக் கூடாது. நான் போன் செய்தால் அந்தக் குரல் வந்து, "ஒண்ணும் இல்லை, சின்ன அடைப்பு" என்று சொல்லிவிடும். அதனால் எழுதுகிறேன். சனிக்கிழமை, இன்றைக்கே அவசரத் தபாலில் போட்டால் திங்கட்கிழமை காலை கிடைத்துவிடும் என்கிறார் சூப்பர்வைசர்.

நீ கேட்டதற்குப் பதில். எனக்கு நீ வேண்டும். வாயாடி வேண்டும். கையெழுத்துப் போடாதே. திரும்பி வா.

உன் லிஃப்ட்காரன்


செப்டம்பர் 14

லிஃப்ட்காரருக்கு,

நல்லபடியாக வந்து சேர்ந்தோம். உங்களோடு இருந்த பதினோரு நாளில் சொன்னதைவிடச் சொல்லாமல் வந்ததுதான் அதிகம். அதனால் இறங்கிய கையோடு எழுதுகிறேன்.

உங்கள் கடிதம் திங்கட்கிழமை வரவில்லை. புதன்கிழமை வந்தது. நடுவில் ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு வாயாடி வீட்டு போனுக்குக் கூப்பிட்டாள். யாரும் எடுக்கவில்லை. பத்தேகாலுக்குக் கூப்பிட்டாள். பதினோரு மணிக்கு நானே கூப்பிட்டேன். ஆமாம், போன் வேண்டாம் என்று சொன்ன நானேதான். மணி அடித்துக்கொண்டே இருந்தது. ஞாயிற்றுக்கிழமை ஒன்பது மணிக்கே நாற்காலி போட்டு உட்காருகிற மனிதர் எடுக்கவில்லை என்றால், நான் கேட்டதற்குப் பதில் அதுதான் என்று எடுத்துக்கொண்டேன். கோர்ட்டில் வேலை பார்த்து என்ன பிரயோஜனம்? ஆஸ்பத்திரியில் இருப்பீர்கள் என்று தோன்றவில்லை. உங்களுக்கு ஏதாவது ஆகும் என்று எனக்குத் தோன்றியதே இல்லை. அந்த அளவுக்கு நீங்கள் நன்றாக வேலை பார்த்திருக்கிறீர்கள். திங்கட்கிழமை மதியம் கையெழுத்துப் போட்டேன்.

கடிதத்தைப் படித்துவிட்டு வீட்டுக்காரம்மாவிடம் சாவியைக்கூடக் கொடுக்காமல் ஓடி வந்தேன். வார்டு வாசலில் என்னைப் பார்த்ததும் நீங்கள் அழுத அழுகையில் பக்கத்துக் கட்டில்காரர் நர்ஸைக் கூப்பிட்டுவிட்டார். பத்துக்கு மூணா? உங்களை அடிக்க வேண்டும் என்று ரயிலில் வரும்போதெல்லாம் நினைத்துக்கொண்டு வந்தேன். பார்த்ததும் பக்கத்தில் உட்கார்ந்து நானும் சேர்ந்து அழுதேன். வாயாடி இரண்டு பேருக்கும் நடுவில் நின்று, "யாராவது ஒருத்தர் நிறுத்துங்க" என்றாள்.

கையெழுத்து விஷயத்தைக் கடைசி நாள்வரை சொல்லாமல் வைத்திருந்தேன். சொன்னபோது நீங்கள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டீர்கள். நல்லதுதான், பரவாயில்லை என்று சொல்வீர்கள் என்று காத்திருந்தேன். சொல்லவில்லை. உங்கள் முதுகு குலுங்கியது. அதைப் பார்த்துவிட்டு ரயிலேறுவது எவ்வளவு கஷ்டம் என்று உங்களுக்குத் தெரியாது. லீவு முடிந்துவிட்டது, வேறு வழியில்லை. உங்கள் அக்கா ஊரிலிருந்து வந்து பக்கத்தில் இருக்கிறார் என்ற தைரியத்தில் வந்தேன்.

இங்கே பெரிய நீதிபதியிடம் போய்க் கேட்டுப் பார்த்தேன். போட்ட கையெழுத்து போட்டதுதான் என்றார். மூன்று வருடம் நான் வர முடியாது.

அதனால் கேட்கிறேன். நீங்கள் வாருங்கள். பதினேழு வருட வேலை, உங்கள் நாற்காலி, நாம் பார்த்துப் பார்த்து வாங்கிய வீடு, எல்லாம் தெரியும். நான் நினைத்துப் பார்க்காமல் கேட்கவில்லை. இங்கே வந்து என்ன செய்வீர்கள் என்றால், எனக்கும் தெரியாது. சும்மா இருங்கள். மாடியில் உட்காருங்கள். வாயாடியைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு வாருங்கள்.

முடியாது என்றால் முடியாது என்று எழுதுங்கள். எனக்கு எது நல்லதோ என்று மட்டும் எழுதாதீர்கள், கையோடு கிழித்துப் போட்டுவிடுவேன்.

ராத்திரி பக்கத்தில் கை போட்டால் வெறும் தலையணை. பதினோரு நாளில் திரும்பப் பழகிப்போய்விட்டது எனக்கு.

கோர்ட்டம்மா


செப்டம்பர் 20

என் கோர்ட்டம்மாவுக்கு,

வேலையை விட்டுவிட்டேன்.

சூப்பர்வைசர் நம்பவில்லை. இரண்டு மாதம் மருத்துவ லீவு எடுங்கள், அப்புறம் பார்க்கலாம் என்றார். இல்லை, என் பொண்டாட்டி கூப்பிட்டிருக்கிறாள், போகவேண்டும் என்றேன். என் குரல் உடைந்துவிட்டது. அவர் எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்து, "பதினேழு வருஷத்துல உங்க நிஜக் குரலை இன்னைக்குத்தாங்க கேக்கறேன்" என்றார். அவருக்கும் கண் கலங்கிவிட்டது. நல்ல மனிதர்.

அக்கா ஒரு பாட்டம் திட்டித் தீர்த்தாள். நெஞ்சில் ஸ்டென்ட் வைத்து ஒரு மாதம்கூட ஆகாதவன் உத்தியோகத்தை விடுவானா, பொண்டாட்டி வீட்டில் போய் உட்கார்ந்து சாப்பிடுவானா, சொந்தக்காரர்கள் என்ன பேசுவார்கள் என்று. திட்டிக்கொண்டே என் சட்டைகளை மடித்துப் பெட்டியில் வைத்தாள். டாக்டர் பகல் வண்டியில் போகலாம், பெட்டி தூக்கக் கூடாது என்றார். வீட்டைத் தையற்காரரின் மகளுக்கு வாடகைக்குச் சொல்லியாயிற்று.

எல்லாம் சரியாகிவிடும் என்று எழுதக் கை போகிறது. எழுதவில்லை. எனக்கு நாற்பத்தேழு வயதாகிறது, வேறு ஒரு வேலையும் தெரியாது. மாடிப்படி ஏறும்போது நெஞ்சைத் தொட்டுப் பார்த்துக்கொள்கிறேன். தூங்கப் போகும்போது காலையில் எழுந்திருப்பேனா என்று தோன்றுகிறது. இதையெல்லாம் அக்காவிடம் சொல்லவில்லை, டாக்டரிடமும் சொல்லவில்லை. எனக்குப் பயமாக இருக்கிறது. உன்னிடம் சொல்லிவிட்டேன்.

26-ஆம் தேதி சனிக்கிழமை சாயங்காலம் நாலரைக்கு வண்டி அங்கே வந்து சேரும். வீட்டுக்கு வழி தெரியும், விலாசம் இருக்கிறது, வெளியே வாடகை வண்டி கிடைக்கும். நானாக வந்துவிட முடியும்.

ஆனாலும் நீ ஸ்டேஷனுக்கு வா. வாயாடியையும் கூட்டிக்கொண்டு வா. சீக்கிரமாகவே வந்து நில்.

உன் லிஃப்ட்காரன்